சாமி கண்ணைக் குத்தும்

தமிழ் வீடுகளில் ஒரு குழந்தை கேட்கும் முதல் அறநூல் மூன்றே சொற்களில் முடிந்துவிடும்: சாமி கண்ணைக் குத்தும். அடுக்களையில் ஆளில்லாத நேரம் பார்த்து வெல்லக்கட்டியை வாயில் போட்டுக்கொண்ட பிள்ளைக்கும் அதுதான். தம்பியைக் கிள்ளிவிட்டு "நான் இல்லை" என்று சாதிக்கும் பிள்ளைக்கும் அதுதான். அம்மா பார்க்கவில்லை, பாட்டி பார்க்கவில்லை, ஆனாலும் யாரோ பார்த்துவிட்டார்கள். மென்றுகொண்டிருந்த வாயை நிறுத்திவிட்டுப் பூசையறைப் பக்கம் திரும்பிப் பார்க்கும் குழந்தையின் முகத்தை நான் பலமுறை கண்டிருக்கிறேன். கன்னத்தில் வெல்லம் உப்பியிருக்கும். விழுங்கவும் தோன்றாது, துப்பவும் மனம் வராது.

அந்த மூன்று சொற்களுக்குள் ஒரு பெரிய ஏற்பாடு இருக்கிறது. மனிதர் கண்ணுக்குத் தப்பியதைப் பார்க்க ஒரு கண், அதை மறக்காமல் வைத்திருக்க ஒரு கணக்கு, திருப்பிக் கொடுக்க ஒரு கை. மனிதர்கள் ஒழுங்காக இருப்பதற்கு இந்த ஏற்பாடுதான் காரணம் என்று நம்பிவிட்டால், அடுத்த கேள்வி தானாக வந்து நிற்கும். சாமியே இல்லை என்கிறவனை எது தடுக்கும்?

உலகத்தில் மிகப் பலர் இந்தக் கேள்விக்கு "எதுவும் தடுக்காது" என்றே பதில் வைத்திருக்கிறார்கள். பியூ ஆய்வு மையம் 2019-இல் 34 நாடுகளில் 38,000-க்கும் மேற்பட்டவர்களிடம், நல்லொழுக்கத்தோடு வாழக் கடவுள் நம்பிக்கை தேவையா என்று கேட்டது. நாடுகளை வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் எண்ணைப் பார்த்தால் 45 சதவீதம் பேர் தேவை என்கிறார்கள். இந்தோனேசியாவிலும் பிலிப்பைன்ஸிலும் அது 96, இந்தியாவில் 79, அமெரிக்காவில் 44, சுவீடனில் வெறும் 9. மனித மனம் எங்கும் ஒன்றுதான் என்றால் இவ்வளவு பெரிய வித்தியாசம் எப்படி வந்தது? இந்த இடைவெளியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அமெரிக்காவைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம், ஏனெனில் இந்த அவநம்பிக்கை அங்கேதான் நீண்ட காலமாக அளக்கப்பட்டு வருகிறது. நன்கு தகுதியுள்ள ஒருவர் நாத்திகர் என்றால் அவரைக் குடியரசுத் தலைவராக்க வாக்களிப்பீர்களா என்று காலப் நிறுவனம் 1958-இல் கேட்டபோது ஆம் என்றவர்கள் 18 சதவீதம். 2019-இல் அது 60 ஆக உயர்ந்திருந்தது. ஆனால் அதே ஆண்டு அதே கேள்வியில் கறுப்பினத்தவர், கத்தோலிக்கர், பெண், யூதர் என்று வந்த ஒவ்வொருவருக்கும் 90-க்கு மேல் கிடைத்தது. மினசோட்டா பல்கலைக்கழகத்தின் பென்னி எட்ஜெல் குழு 2006-இல் வெளியிட்ட ஆய்வில், தங்கள் பிள்ளை நாத்திகரைக் கல்யாணம் செய்துகொள்வதை ஏற்க மாட்டோம் என்றவர்கள் ஏறத்தாழ 48 சதவீதம். இரட்டைக் கோபுரம் விழுந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த அந்நாட்டில், முஸ்லிம் மருமகனையும் மருமகளையும் மறுத்தவர்களைவிட இது அதிகம்.

எதற்காக இந்த மறுப்பு? பிடிக்காமல் போவதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். அந்த ஆயிரத்தில் எது என்பதைப் பிரித்தெடுக்க வில் ஜெர்வே, அசீம் ஷரீஃப், அரா நோரன்சயன் ஆகிய மூன்று உளவியலாளர்கள் கனடாவின் வான்கூவரில் ஒரு சோதனையை அமைத்தார்கள். 2011-இல் வெளிவந்த அந்த ஆய்வை நான் படிக்கும்போதெல்லாம் கொஞ்சம் கூசிப்போகிறேன்.

சோதனைக்கு வந்தவர்களுக்கு ஒரு சிறு கதை கொடுக்கப்படுகிறது. ரிச்சர்டுக்கு 31 வயது. ஒருநாள் வண்டியைப் பின்னுக்கு எடுக்கும்போது நின்றிருந்த ஒரு வேன்மீது இடித்துவிடுகிறான். சுற்றிலும் ஆள்கள் பார்க்கிறார்கள். எனவே இறங்கி, தன் காப்பீட்டு விவரத்தை எழுதி வைப்பதுபோல் பாவனை செய்கிறான். எதுவும் எழுதாத வெற்றுத் தாளை வேனின் ஜன்னலில் செருகிவிட்டுப் போய்விடுகிறான். பிறகு ஒரு பணப்பையைக் கண்டெடுக்கிறான். யாரும் பார்க்கவில்லை. பணத்தை எடுத்துக்கொண்டு பையைக் குப்பைத் தொட்டியில் போடுகிறான். இப்போது கேள்வி: ரிச்சர்டு யாராக இருக்க வாய்ப்பு அதிகம்? ஆசிரியராகவா, அல்லது ஆசிரியராகவும் இன்னொன்றாகவுமா? அந்த "இன்னொன்று" மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்குக் கிறிஸ்தவர், சிலருக்கு முஸ்லிம், சிலருக்கு நாத்திகர், சிலருக்குப் பாலியல் வல்லுறவுக் குற்றவாளி.

கணக்குப்படி முதல் விடைதான் சரி. மல்லிகை வாங்குகிறவர்களைவிட, மல்லிகையும் கனகாம்பரமும் சேர்த்து வாங்குகிறவர்கள் அதிகமாக இருக்க வழியில்லை. ஆனால் கதையும் அடையாளமும் மனத்துக்குள் பொருந்திவிட்டால் நாம் இந்த எளிய கணக்கை மறந்துவிடுவோம் என்பதை 1983-இலேயே ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானமனும் காட்டியிருந்தார்கள். ஆகவே எந்த அடையாளத்தைச் சேர்க்கும்போது இந்தத் தவறு அதிகம் நடக்கிறதோ, அந்த அடையாளம்தான் ரிச்சர்டின் முகத்தோடு நம் மனத்தில் பொருந்துகிறது என்று பொருள். நேராகக் கேட்டால் யாரும் ஒப்புக்கொள்ளாத ஒன்றைப் பக்கவாட்டில் கேட்டு வாங்கும் உத்தி இது.

கிறிஸ்தவர் என்றபோதும் முஸ்லிம் என்றபோதும் சிலரே தவறினார்கள். நாத்திகர் என்றபோது பாதிக்குப் பாதி. வல்லுறவுக் குற்றவாளி என்றபோதும் ஏறக்குறைய அதே அளவுதான்.

கடவுளை நம்பாத ஒரு மனிதனும் வல்லுறவு செய்தவனும் பணப்பை திருடுகிறவர்களாக நம் உள்மனத்தில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறார்கள். ஆய்வாளர்கள் இத்தோடு விடவில்லை. வேலைக்கு ஆள் எடுப்பதாக வைத்துக்கொண்டு கேட்டார்கள். உணவகத்தில் பரிமாற என்றால் நாத்திகரா பக்தரா என்பது பெரிதாகப் படவில்லை. குழந்தைகள் காப்பகத்துக்கு என்றதும் விண்ணப்பதாரர்களில் பக்தரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆக, அருவருப்போ வெறுப்போ இங்கே முதன்மையில்லை. "நம்பி விட்டுவிட்டுப் போகலாமா?" என்பதுதான் பயம். பூட்டின் சாவியை யாரிடம் கொடுக்கிறோம் என்ற பயம்.

2017-இல் இதே முறையை 13 நாடுகளுக்கு எடுத்துச் சென்றார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டார்கள். இந்தியாவும் அதில் உண்டு. பழுத்த மத நாடுகளும் உண்டு. செக் குடியரசு போலக் கோயில் வாசலை மிதிப்பவர்கள் குறைந்த நாடுகளும் உண்டு. இம்முறை கதை கொடூரமானது. சிறுவயதில் பிராணிகளை வதைத்து, வளர்ந்தபின் வீடற்றவர்களைக் கொல்லும் ஒருவன். அவன் நம்பிக்கையாளன் என்று ஊகித்தவர்களைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு பேர் அவனை நாத்திகன் என்று ஊகித்தார்கள். என்னை நிறுத்திவைத்த செய்தி வேறு. அப்படி ஊகித்தவர்களில் நாத்திகர்களும் இருந்தார்கள். தன் இனத்தவனைப் பற்றித் தானே அப்படி நினைக்கும் அளவுக்கு இந்த எண்ணம் ஆழத்தில் கிடக்கிறது. சாமியை விட்டவர்களும் சாமி கண்ணைக் குத்தும் என்பதை முழுதாக விடவில்லை.

இந்தப் பயத்துக்குச் சட்டமே துணை நின்ற காலம் ஒன்று உண்டு. ஆங்கிலத் தத்துவஞானி ஜான் லாக் 1689-இல் சமய சகிப்புத்தன்மைக்காக வாதாடிய புகழ்பெற்ற கடிதத்தில் நாத்திகரை மட்டும் வெளியே நிறுத்தினார். வாக்குறுதி, ஒப்பந்தம், சத்தியம் இவைதான் சமூகத்தைக் கட்டிவைத்திருக்கும் கயிறு. கடவுளை நம்பாதவனை அந்தக் கயிறு கட்டாது என்பது அவர் வாதம். அவருக்கு ஏழாண்டு முன்பே பியர் பேல் என்ற பிரெஞ்சுச் சிந்தனையாளர் வால்நட்சத்திரம் ஒன்றைச் சாக்காக வைத்து எழுதிய நூலில் எதிர்ப்பக்கம் பேசியிருந்தார். மனிதர்கள் தங்கள் நம்பிக்கைப்படி நடப்பதில்லை, தங்கள் சுபாவப்படியும் ஊர் என்ன சொல்லும் என்பதன்படியும்தான் நடக்கிறார்கள். எனவே நாத்திகர்கள் மட்டுமே வாழும் ஊரும் ஒழுங்காக நடக்கும் என்றார். லாக் சொன்னதுதான் சட்டமாயிற்று. பேல் சொன்னதைச் சோதித்துப் பார்க்க முந்நூறு ஆண்டுகள் ஆயின.

சத்தியம் என்பது நமக்கும் விளங்கும். கற்பூரத்தை ஏற்றி, அதை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சொன்ன சொல்லுக்கு ஊர்ப் பஞ்சாயத்தில் இருந்த மதிப்பு இன்றைய பத்திரத்துக்கு இல்லை. இங்கிலாந்தின் நீதிமன்றங்களில் கற்பூரத்தின் இடத்தில் விவிலியம் இருந்தது. மறுமையில் தண்டனை உண்டு என்று நம்பாதவர் அதன்மீது செய்யும் சத்தியம் செல்லாது, சத்தியம் செல்லாதவரின் சாட்சியமும் செல்லாது. நாத்திகர் ஒருவரின் வீட்டில் திருட்டுப் போனால், திருடனைக் கண்ணால் கண்டிருந்தாலும் அவரால் கூண்டேறிச் சொல்ல முடியாது. இந்த விதியின் ஓட்டையை ஜான் ஸ்டூவர்ட் மில் 1859-இல் எடுத்துக் காட்டினார். நாத்திகர் பொய்யர் என்று அஞ்சி வகுத்த விதி, தன்னை நம்பிக்கையாளன் என்று பொய் சொல்லத் துணிந்த நாத்திகனை உள்ளே விட்டுவிடுகிறது. அவமானத்துக்கு அஞ்சாமல் உண்மையைச் சொல்பவனைத்தான் வெளியே தள்ளுகிறது. இதைவிடத் தெளிவாக அந்த விதியின் அநியாயத்தைச் சொல்ல முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மில் சொன்னது சார்லஸ் பிராட்லா என்ற மனிதரின் வாழ்க்கையில் அப்படியே நடந்தது. 1880-இல் நார்தாம்ப்டன் மக்கள் அவரை நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் நாத்திகர் என்பதை ஊரே அறியும். தேசியச் சமயச்சார்பின்மைச் சங்கத்தை 1866-இல் தொடங்கியவரே அவர்தான். கடவுள் பெயரால் சத்தியம் செய்வதற்குப் பதில் உறுதிமொழி கூறுகிறேன் என்றார். அவை மறுத்தது. சரி, உங்கள் சத்தியத்தையே எடுத்துக்கொள்கிறேன் என்றார். உனக்குத்தான் அதில் நம்பிக்கை இல்லையே என்று அதையும் மறுத்தது. வெளியேற மறுத்தவரை நாடாளுமன்றக் கடிகாரக் கோபுரத்தில் ஓர் இரவு அடைத்துவைத்தார்கள். 1881 ஆகஸ்டில் உள்ளே நுழைய முயன்றபோது காவலர்கள் அவரைப் பிடித்து இழுத்து வெளி முற்றத்தில் கொண்டுவந்து விட்டார்கள். மேல்சட்டை கிழிந்து தொங்கியது. இருக்கையைப் பறித்தார்கள், தொகுதி மக்கள் மறுபடி அவரையே அனுப்பினார்கள். மறுபடி, மறுபடி. 1886-இல்தான் அவரால் நிலையாக அமர முடிந்தது. 1888-இல், யார் வேண்டுமானாலும் சத்தியத்துக்குப் பதில் உறுதிமொழி கூறலாம் என்ற சட்டத்தை அவரே முன்னின்று நிறைவேற்றினார்.

இந்தப் போராட்டம் நடந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் சென்னையில் 'தத்துவவிவேசினி' என்ற தமிழ்ப் பத்திரிகை வந்துகொண்டிருந்தது. சென்னை இலௌகிக சங்கத்தாரின் ஏடு அது. பிராட்லாவின் கருத்துகள் அதன் வழியே தமிழில் பேசப்பட்டன. பிராட்லா இந்தியர்களின் குறைகளைத் தொடர்ந்து அவையில் எழுப்பியவர். 1889-இல் பம்பாய் காங்கிரசுக்கு நேரில் வந்தார். 1891-இல் அவர் இறந்தபோது லண்டனில் இருந்த இந்திய மாணவர்கள் பலர் அடக்கத்துக்குப் போனார்கள். அவர்களில் ஒருவர் சட்டம் படித்துக்கொண்டிருந்த 21 வயது மோகன்தாஸ் காந்தி.

இனி பேல் சொன்னதற்கு வருவோம். கண் இல்லாவிட்டால் கை நீளுமா?

நீளும் என்பதற்கு ஆதரவாகச் சில சோதனைகள் முன்வைக்கப்பட்டன. நியூகாசில் பல்கலைக்கழகத்தில் ஓர் அறையில் தேநீர் போட்டுக் குடித்துவிட்டுப் பெட்டியில் காசு போடும் வழக்கம் இருந்தது, கேட்க ஆளில்லை. விலைப்பட்டியலுக்கு மேல் ஒரு வாரம் பூக்களின் படம், மறுவாரம் உற்றுப் பார்க்கும் கண்களின் படம் என்று பத்து வாரம் மாற்றி மாற்றி ஒட்டினார்கள். கண்கள் இருந்த வாரங்களில் ஏறத்தாழ மூன்று மடங்கு காசு விழுந்தது. 2006-இல் வெளிவந்த இந்த முடிவு உலகமெங்கும் பேசப்பட்டது. அடுத்த ஆண்டு ஷரீஃபும் நோரன்சயனும் முகமறியாத ஒருவரோடு பத்து டாலரைப் பங்கிடச் சொல்லிச் சோதித்தார்கள். அதற்கு முன் கடவுள், தீர்க்கதரிசி போன்ற சொற்கள் கலந்த வாக்கியங்களைச் சீராக்கியவர்கள், மற்றவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு கொடுத்தார்கள்.

அறிவியலை நேர்மையாகச் சொல்ல வேண்டுமானால் இங்கே நிறுத்த முடியாது. கடவுள் சொற்கள் சோதனையைப் பின்னால் பெரிய அளவில் திரும்பச் செய்தவர்களுக்கு அந்த விளைவு கிடைக்கவில்லை. கண் படத்தைப் பற்றிய பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோதும் தாராள குணம் கூடியதாகத் தெரியவில்லை. ஓர் அழகான சோதனையைக் கேட்டவுடன் நம்பிவிடும் ஆசை எனக்கும் உண்டு. தேநீர்ப் பெட்டிக் கதையை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். இன்று அதை இந்தத் திருத்தத்தோடுதான் சொல்ல வேண்டும்.

அந்தப் பத்து டாலர் சோதனையின் மறுபாதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நீதிமன்றம், காவலர், ஒப்பந்தம் போன்ற சொற்களைக் கண்டவர்களும் கடவுள் சொற்களைக் கண்டவர்கள் அளவுக்கே கொடுத்திருந்தார்கள். அதாவது அந்த ஆய்வு தந்த முடிவின்படியே பார்த்தாலும், கண்ணைக் குத்த வானத்திலிருந்துதான் ஆள் வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

சோதனைக்கூடத்துக்கு வெளியே போனால் படம் இன்னும் தெளிவாகிறது. 1973-இல் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்கள் 40 பேரை ஜான் டார்லியும் டேனியல் பேட்சனும் ஒவ்வொருவராக ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பினார்கள். அங்கே போய் ஒரு சிறு உரை நிகழ்த்த வேண்டும். பாதிப்பேருக்குத் தலைப்பே நல்ல சமாரியன் கதை, வழியில் அடிபட்டுக் கிடந்த அந்நியனை நின்று தூக்கிவிட்டவனின் கதை. போகும் சந்தில் ஒருவர் சுருண்டு கிடந்து இருமுகிறார், முனகுகிறார். நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் உதவ நின்றார்கள். தாமதமாகிவிட்டது, ஓடு என்று சொல்லப்பட்டவர்களில் 10 சதவீதம். பக்தியின் ஆழமும் உரையின் தலைப்பும் அந்த வித்தியாசத்தை விளக்கவில்லை. சமாரியன் கதையைச் சொல்லப் போகிற அவசரத்தில் கிடந்தவரைத் தாண்டிப் போனவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவசரம் நம் எல்லோரையும் அப்படித்தான் ஆக்குகிறது.

2014-இல் வில்ஹெல்ம் ஹோஃப்மன் குழு அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,252 பேரின் கைபேசிக்கு மூன்று நாள், தினம் ஐந்து முறை கேள்வி அனுப்பியது. கடந்த ஒரு மணி நேரத்தில் நல்லதோ கெட்டதோ ஏதாவது செய்தீர்களா, கண்டீர்களா? பேருந்தில் இடம் விட்டது, வீட்டில் பொய் சொன்னது, யாரோ ஒருவருக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தது என்று அன்றாடத்தின் அறம் முழுதும் பதிவாகி வந்தது. மதநம்பிக்கை உள்ளவர்களும் இல்லாதவர்களும் நல்லதைச் செய்த அளவிலும் கெட்டதைச் செய்த அளவிலும் வேறுபடவில்லை. செய்தபின் வந்த உணர்ச்சியில் மட்டும் வேறுபாடு இருந்தது: தவறியபோது குற்ற உணர்ச்சியும், நல்லது செய்தபோது நிறைவும் நம்பிக்கையாளர்களுக்குக் கூடுதல். அவரவர் தம்மைப் பற்றித் தாமே சொன்னது என்ற குறை இந்த ஆய்வுக்கு உண்டு. ஆனால் "எதுவும் தடுக்காது" என்ற பயத்துக்கு இதில் இடமில்லை.

அப்படியானால் அந்தப் பயம் முட்டாள்தனமா? நான் அப்படி நினைக்கவில்லை. நோரன்சயனின் விளக்கம் எனக்குச் சரியாகப் படுகிறது. எல்லோரும் எல்லோரையும் அறிந்த சிற்றூரில் ஊரின் கண்ணே போதும். முன்பின் தெரியாதவரோடு பண்டம் மாற்றவும், கடன் கொடுக்கவும், ஒரே சத்திரத்தில் தூங்கவும் வேண்டி வந்தபோது, காவல் நிலையமும் பதிவு அலுவலகமும் இல்லாத காலத்தில், "இவனும் எனக்குத் தெரிந்த ஒருவருக்கு அஞ்சுகிறவன்" என்ற உறுதி பெரிய ஆறுதல். நெற்றியில் நீறோ நாமமோ கண்டால், கழுத்தில் சிலுவை கண்டால் வந்த நிம்மதி அது. வேறு சாமியைக் கும்பிடுகிறவன் என்றாலும் பரவாயில்லை, அஞ்சுகிறவன் என்றால் போதும். எந்த அடையாளமும் இல்லாதவன் அந்த வழக்கில் பிணை இல்லாத கடனாளி.

அந்த ஏற்பாடு தேவைப்படாத இடங்களில் பயமும் கரைகிறது. வான்கூவர் காவல்துறை நன்றாக வேலை செய்வதைக் காட்டும் படம் ஒன்றைப் பார்த்த நம்பிக்கையாளர்களிடம் நாத்திகர்மீதான அவநம்பிக்கை குறைந்ததை ஜெர்வேயும் நோரன்சயனும் 2012-இல் கண்டார்கள். தம்மைச் சுற்றி நாத்திகர்கள் நிறைய இருக்கிறார்கள் என்று அறிய வந்தவர்களிடமும் அது குறைந்தது. முன்னால் மனத்தில் வைத்துக்கொள்ளச் சொன்ன சுவீடனின் 9 சதவீதத்துக்கு இங்கே விளக்கத்தின் ஒரு பகுதி கிடைக்கிறது. நோய்க்கு மருத்துவமனை, முதுமைக்கு ஓய்வூதியம், வழக்குக்கு விலைபோகாத நீதிமன்றம் என்று மனிதர்கள் ஒருவரையொருவர் நம்ப வழி செய்துவிட்ட நாடு அது. நம்மில் நூற்றுக்கு 79 பேர் கடவுள் நம்பிக்கை தேவை என்று சொல்வதில் பக்தி மட்டும் இல்லை. அலுவலக வாசலில் கால்கடுக்க நின்ற அனுபவமும் இருக்கிறது என்றே எனக்குப் படுகிறது.

தமிழில் இதற்கென்று ஒரு சொல் இருப்பதை நான் பெருமையோடு சொல்வேன்: மனசாட்சி. மனமே சாட்சி. பார்க்கிற கண்ணை வெளியே எங்கும் தேடாமல் உள்ளே கொண்டுவந்து உட்காரவைத்த சொல். ஆத்திகரும் அதைத்தான் சொல்கிறார், நாத்திகரும் அதைத்தான் சொல்கிறார். இந்திய அரசியலமைப்பின் மூன்றாம் அட்டவணை பதவியேற்பவருக்கு இரண்டு வழி வைத்திருக்கிறது. கடவுள் பெயரால் ஆணையிடலாம், அல்லது உறுதி கூறலாம். "உளமார உறுதி கூறுகிறேன்" என்ற சொற்களைத் தமிழகம் பல பதவியேற்புகளில் கேட்டுப் பழகிவிட்டது. கடிகாரக் கோபுரத்தில் அடைபட்டவர் கேட்டதும் அது ஒன்றைத்தான்.

பிராட்லாவின் அடக்கத்துக்குப் போன இளைஞர் வாழ்நாளெல்லாம் பக்தராகவே இருந்தார். அவருடைய கடைசி ஆண்டுகளில் அவர் ஆசிரமமான சேவாகிராமத்துக்கு ஒரு நாத்திகர் வந்தார். கோரா என்று அழைக்கப்பட்ட கோபராஜு ராமச்சந்திர ராவ், தாவரவியல் ஆசிரியர். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் கொழும்பு ஆனந்தா கல்லூரியிலும் பாடம் நடத்தியவர்; பின்னால் கடவுள் இல்லை என்று சொன்னதற்காக வேலை இழந்தவர்; ஆந்திரக் கிராமங்களில் தீண்டாமைக்கு எதிராகத் தீண்டப்படாதவர்களோடு உண்டு வாழ்ந்தவர். காந்தி அவரிடம் நீண்ட நேரம் விவாதித்தார். கோரா தன் மூத்த மகளை ஒடுக்கப்பட்ட சாதி இளைஞருக்கு மணம் செய்து தர முடிவு செய்தபோது, திருமணத்தை ஆசிரமத்திலேயே நடத்தலாம் என்றார் காந்தி. ஒரு சிக்கல் இருந்தது. ஆசிரமத் திருமணங்களில் கடவுள் பெயரால் உறுதிமொழி எடுப்பது வழக்கம். கோரா குடும்பத்தார் அதைச் சொல்ல மாட்டார்கள். அந்த இடத்தில் 'சத்தியம்' என்ற சொல்லை வைத்துக்கொள்ளலாம் என்று காந்தி ஒப்புக்கொண்டார். 1948 ஜனவரியில் அவர் கொல்லப்பட்டார். மார்ச்சில் அந்தத் திருமணம் அவர் சொன்னபடியே சேவாகிராமத்தில் நடந்தது.